பட்டியலில் இல்லாத குரல்

1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் இன்றைய தென்னாப்பிரிக்காவில், நாட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை, கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்குமாக ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நாட்டாலில் இறக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் எழுதப்பட்டது. அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஆளுக்கொரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் தழும்போ மச்சமோ இருந்தால் அதன் அடையாளம். ஜில்லாவுக்கான பத்தியில் வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, திருச்சிராப்பள்ளி என்று வரும் பெயர்களுக்கு நடுவே சேலமும் வருகிறது. அன்றைய சேலம் ஜில்லா என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள் அடக்கம்.

நெற்றித் தழும்பு வரைக்கும் எழுதிவைத்த பட்டியலில் அந்த மனிதர் எப்படிப் பேசினார் என்பது இல்லை. கப்பல் தட்டில் உட்கார்ந்து என்ன பாடினார், ஊர் நினைப்பு வந்தபோது யாரைக் கூப்பிட்டு அழுதார் என்பதும் இல்லை. எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

தாமஸ் எடிசன் ஃபோனோகிராஃபைச் செய்து காட்டிய ஆண்டு 1877. மனிதக் குரலைப் பிடித்து வைத்துத் திரும்பக் கேட்க முடியும் என்று உலகம் தெரிந்துகொண்ட அதே ஆண்டில், சேலம் சமவெளி தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் இருந்த ஜில்லாவின் மக்கள்தொகை 1881-இல் 16 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பத்தாண்டுகளில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் குறைந்திருக்கிறார்கள். செத்தவர்கள் போக மிஞ்சியவர்களில் ஒரு பகுதி கண்டிச் சீமைக்கும் மொரீஷியசுக்கும் நாட்டாலுக்கும் நடந்தும் கப்பலேறியும் போனது. கருவி பிறந்துவிட்டது, ஆனால் அது இவர்கள் பக்கம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. வந்தபோதும் கொட்டகைக்கும் கச்சேரி மேடைக்குமே முதலில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சேலம் கோதாவரியின் பாட்டு கிராமபோன் தட்டில் பதிவானது. அதே சேலத்தில் களை எடுத்த, நாற்று நட்ட, கல் உடைத்த பெண்களின் பாட்டைத் தட்டில் ஏற்ற எந்தக் கம்பெனிக்கும் காரணம் இருக்கவில்லை.

இழந்தது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், இழக்காமல் காப்பாற்றிய ஒரு குரலைக் கேட்க வேண்டும். 1949 ஜூன் மாதம் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்தில் ஃபவுண்டன் ஹியூஸ் என்ற முதியவரைப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். அப்போது அவருக்கு வயது 101. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர்; அவருடைய தாத்தா ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாக இருந்தவர். அந்தப் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அடிமை வாழ்வைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் அவர் முதலில் பேசுவது கடனைப் பற்றி: கையில் காசில்லாமல் தவணையில் எதையும் வாங்காதே என்கிறார். பிறகுதான் ஒவ்வொன்றாக வருகிறது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுவரை பையன்களுக்குச் செருப்பு கிடையாது. பெண்பிள்ளைகள் போடுகிற மாதிரி நீளச் சட்டைதான். படுக்கக் கட்டில் கிடையாது, தரைதான். மாட்டையும் குதிரையையும் விற்கிற மாதிரி ஆளை விற்பார்கள். மறுபடியும் அடிமையாக வேண்டிவந்தால் துப்பாக்கியை எடுத்து எல்லாவற்றையும் முடித்துக்கொள்வேன் என்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. கடனைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொல்கிறார். அச்சில் வாசித்தால் அந்த வரி ஆவேசமாகத் தெரியும். காதால் கேட்டால்தான், நூறு வயதில் ஒரு மனிதன் எத்தனையோ தடவை யோசித்து முடிவு செய்துவிட்ட விஷயம் அது என்று புரிகிறது. ஒலிப்பதிவு ஆவணம் தருவதும் எழுத்தாவணம் தராததும் இதுதான்.

ஆப்பிரிக்கக் கண்டத்துக்குள்ளே இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் ஹியூ ட்ரேசி. இங்கிலாந்தில் பிறந்து, இளவயதில் அண்ணனுடைய புகையிலைப் பண்ணையில் வேலை செய்ய இன்றைய ஜிம்பாப்வேக்குப் போனவர். பண்ணையாட்கள் பாடிய கரங்கா மொழிப் பாட்டுகள் அவரைப் பிடித்துக்கொண்டன. 1929-இல் பதினான்கு கரங்கா இளைஞர்களை ஜொகனஸ்பர்க்குக் கூட்டிப்போய்ப் பதிவு செய்தார். 1954-இல் ஆப்பிரிக்க இசைக்கான சர்வதேச நூலகத்தைத் தொடங்கினார். ‘ஆப்பிரிக்காவின் ஒலி’ என்ற வரிசையில் மட்டும் 210 இசைத்தட்டுகள். அவர் இறந்த பிறகு அந்த நூலகம் தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ட்ரேசியைக் குற்றம் சொல்லவும் நிறைய இருக்கிறது. ‘கலப்படம் இல்லாத’ பாட்டைத் தேடித் தேடி, நகரத்து இளைஞர்கள் புதிதாகக் கட்டிய இசையை அவர் பல சமயம் ஒதுக்கினார். சுரங்க முதலாளிகளின் ஆதரவோடு சுரங்கத் தொழிலாளர்களின் ஆட்டத்தைப் பதிவு செய்தார். அந்தத் தொழிலாளர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அந்தத் தட்டுகளில் கேட்காது. ஆனாலும் அவர் போகாமல் இருந்திருந்தால் இன்று குறை சொல்லவும் ஒரு தட்டு இருந்திருக்காது.

1950-இல் கென்யாவின் மேட்டுநிலத்தில் கிப்சிகிஸ் இனப் பெண்பிள்ளைகள் சிலர் ட்ரேசிக்காக ஒரு பாட்டைப் பாடினார்கள். ‘செமிரோச்சா’ என்பது அதன் பெயர். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த கிராமபோன் பெட்டியில் ஜிம்மி ரோஜர்ஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாடகனின் குரலை அவர்கள் கேட்டிருந்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து பாடுகிறவன் மனிதனாக இருக்க முடியாது, பாதி மனிதன் பாதி மான் என்று முடிவு கட்டி, அவனை ஆடவரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ட்ரேசி குறித்துவைத்தார். கிப்சிகிஸ் யாழ் ஒன்று பின்னால் சுருக்கமாக ஓடிக்கொண்டே இருக்க, பெண்குரல்கள் மூச்சு விடும் இடம்கூடத் தெரிகிற பதிவு அது. மிசிசிப்பியில் பிறந்து, கறுப்பு ரயில்வே தொழிலாளர்களிடம் பாட்டுக் கற்ற ஒரு வெள்ளைக்காரன். அவன் குரல் தட்டில் ஏறி ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே வேறொரு பாட்டாக முளைத்து, மறுபடியும் தட்டில் ஏறுகிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அந்த நூலகத்தைச் சேர்ந்தவர்கள் பதிவை எடுத்துக்கொண்டு கிப்சிகிஸ் ஊர்களுக்கே போனார்கள். அந்தக் காலத்துப் பதிவுகளில் இருந்த முதியவர்கள் சிலர் உயிரோடு இருந்தார்கள். தங்கள் இளமைக் குரலை அவர்கள் முதுமையில் கேட்டார்கள்.

அந்த மேட்டுநிலத்து மக்களுக்குக் கேழ்வரகுதான் பழைய தானியம். கேழ்வரகு பிறந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில். சோளமும் கம்பும் தட்டைப்பயறும்கூட ஆப்பிரிக்காவில் பயிராகித் தென்னிந்தியாவுக்கு வந்தவை. சேலம், நாமக்கல் மேட்டாங்காட்டுக் குடும்பங்கள் அரிசிச் சோற்றை நோம்பி நாளில் மட்டும் பார்த்த காலத்தில், ராகிக் களியும் கம்மஞ்சோறும் சோளச்சோறும்தான் உயிரைத் தாங்கின. விடியற்காலையில் திருகைக்கல்லைச் சுற்றிக்கொண்டே பெண்கள் பாடிய பாட்டு அந்தத் தானியத்தோடு பிறந்தது. மாவு மில் வந்ததும் நின்றுபோனது. ஆப்பிரிக்காவோடு இந்தச் சமவெளிக்கு உறவே இல்லை என்று நினைப்பவர்கள் தங்கள் அப்பாரு தின்ற சோற்றை நினைத்துப் பார்க்கலாம்.

இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு பெரிய பதிவு நடந்திருக்கிறது. பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தார். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு அருகில் உள்ள ஊர் அது. கொங்குச் சமவெளியில் நாமக்கல்லுக்கு மேற்கே. 1965-இல் இ.சி. ராமசாமி என்ற உடுக்கைப் பாடகர் இரவு இரவாகப் பாடிய, பொன்னர் சங்கர் என்ற சகோதரர்களின் கதையான அண்ணன்மார் கதையை அவர் ஸ்பூல் டேப்பில் முழுக்கப் பதிவு செய்தார். அதே பாடகரிடம் கதையைச் சொல்லச் சொல்லி எழுதி வாங்கிய வடிவம் ஒன்றும் இருந்தது. பாடியதையும் எழுதச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கதையின் மற்ற வடிவங்களோடும் ஒப்பிட்டு 1982-இல் ஒரு நூல் எழுதினார். சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992-இல் தமிழும் ஆங்கிலமுமாகக் கதையை இரண்டு தொகுதிகளில் வெளியிட்டது.

உடுக்கைப் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், எழுத்தில் அதற்கு வழியே இல்லை என்பது. இடது கை உடுக்கையின் இடுப்புக் கயிறுகளைப் பிடித்திருக்கும். அழுத்தினால் சுதி ஏறும், விட்டால் இறங்கும். வலது கை விரல்கள் தோலைத் தட்டும். பாடகர் சிறிது நேரம் வசனமாகப் பேசிக்கொண்டே வருவார். சண்டையோ சாவோ நெருங்கும்போது வசனம் பாட்டாக மாறும், உடுக்கை தானும் அழத் தொடங்கும். பின்பாட்டுக்காரர் சொல்லின் முடிவைப் பிடித்து இழுப்பார், ‘ஆமா’ போடுவார். கேட்கிற கூட்டத்துக்கும் அதில் பங்குண்டு. கொம்பன் என்ற பன்றி வருகிறபோது குழந்தைகள் நெருங்கி உட்காரும். எழுதச் சொன்னால் பாடகர் கதையைச் சொல்வார், ஆனால் சுதியும் கூட்டமும் அங்கே இருக்காது. நம் கதைப்பாடல் பதிப்புகள் பெரும்பாலும் இப்படி உருவானவை. அவற்றை மட்டும் படித்து வாய்மொழி இலக்கியத்தை அளந்துவிட முடியாது.

இன்று பெக் சேகரித்த ஒலிப்பதிவுகளும் குறிப்புகளும் கனடாவில், டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்தில் இருக்கின்றன. பத்திரமாக இருக்கின்றன, மின்னாக்கம் செய்து இணையத்திலும் வைத்திருக்கிறார்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஆய்வு மாணவி கேட்பதும், பாடகரின் ஊரில் மாரியம்மன் நோம்பிக்குக் கூடியவர்கள் கேட்பதும் ஒன்றல்ல. கிப்சிகிஸ் ஊர்களுக்கு நடந்தது கொங்கு ஊர்களுக்கும் நடக்க வேண்டும். கோயில் திடலில் ஒலிபெருக்கி கட்டி, மாசி மாதத்தில் அண்ணன்மார் திருவிழாவுக்கு வீரப்பூர் போவதற்கு முன்னால் ஓரிரவு அந்தப் பதிவைப் போட்டுக் கேட்க வைத்தால், இன்று உடுக்கை அடிக்கிற இளைஞர்களுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடைக்காது.

அண்ணன்மார் கதை கடல் கடந்த கதையும்கூட. இலங்கை மலையகத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் பெரிய கூத்துகள் மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு நடுவில் விடிய விடிய ஆடுகிற பொன்னர் சங்கர், கொங்கிலும் திருச்சி மேற்கிலும் பாடப்படும் அண்ணன்மார் கதைதான். சேலம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போனவர்கள் மண்டபம் முகாமிலும் கப்பலிலும் காட்டு வழியிலும் செத்தது போக, மிச்சமானவர்கள் கொண்டுசேர்த்த சொத்து அது. துணிமூட்டையில் அதற்கு இடம் வேண்டியிருக்கவில்லை.

இங்கே நின்று யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பொன்னரும் சங்கரும் நிலமுள்ள குடியானவர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் அந்தக் கதை கவுண்டர்களின் குலப்பெருமையாகத்தான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. 2011-இல் வந்த திரைப்படமும் அந்த வழியிலேயே போனது. கண்டிக்குப் போனவர்களில் பெரும்பகுதியோ நிலமில்லாதவர்கள்; தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள் மிகுதி. நிலமுள்ளவர்களின் கதையை நிலமில்லாதவர்கள் சுமந்துபோய், தங்களுக்கு ஒரு சாண் மண்ணும் சொந்தமில்லாத மலையில் நூறாண்டுக்கு மேல் ஆடியிருக்கிறார்கள். ஏன்? கதைக்குள்ளே சாம்புகன் இருக்கிறான். பறையடிப்பவன், சங்கருக்கு வலது கை, அவன் இல்லாமல் கதை நகராது. தங்கை அருக்காணி படுகளத்தில் அண்ணன்மாரைத் தேடி அலைந்து, செத்துக் கிடந்தவர்களை எழுப்புகிற இடம் இருக்கிறது. குடும்பத்தில் பாதியைப் பயணத்தில் பறிகொடுத்தவர்களுக்கு அந்த இடம் எப்படிக் கேட்டிருக்கும்? ஓலப்பாளையத்துப் பதிவையும் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டு, சாம்புகனுக்கு எங்கே எத்தனை நேரம் கொடுக்கிறார்கள், அருக்காணியின் ஒப்பாரி எங்கே நீள்கிறது என்று பார்ப்பது ஓர் ஆய்வாளருக்கு வாழ்நாள் வேலை. ஒரு சாதியின் கதையா, ஒரு வட்டாரத்தின் கதையா என்ற சண்டைக்கு அதில் விடை இருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை மலையகப் பாடல்களைச் சேகரித்து அச்சிட்டுத் தந்தார். இலங்கையின் நூலக நிறுவனம் நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் ஒலியாகச் சேர்த்துவருகிறது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும்.

இந்தியப் பெருங்கடலில் பயணம் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மாலுமிகளாகவும் வந்தவர்களின் வழிவந்த சித்திகள் குஜராத்திலும் வட கன்னடத்திலும் இன்றும் வாழ்கிறார்கள். பரூச் மாவட்டத்தில் ரத்தன்பூருக்கு அருகில் உள்ள பாவா கோர் தர்காவில் அவர்கள் ஆடும் ஆட்டத்தையும் அடிக்கும் முரசுகளையும் நசீர் அலி ஜயிராஸ்பாய், ஏமி கேட்லின் தம்பதியர் பதிவு செய்து ஒலித்தட்டும் படமுமாகக் கொண்டுவந்தார்கள். அதில் மலுங்கா என்ற கருவி வருகிறது: வில், ஒரே நரம்பு, சுரைக்குடுக்கை. ஆப்பிரிக்க அடிமைகள் போன பிரேசிலில் அதன் உடன்பிறப்புக்குப் பெயர் பெரிம்பாவ். ரியூனியன் தீவில் போப்ர். மூன்று கரைகளிலும் சுரைக்குடுக்கையை வயிற்றிலோ நெஞ்சிலோ சேர்த்தும் விலக்கியும் ஒலியை மாற்றுகிறார்கள். பேசிய மொழி போய், பேர் மாறி, மதம் மாறியும் கை அந்த அசைவை விடவில்லை. இலங்கையில் புத்தளம் பக்கத்துச் சிறாம்பையடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் மஞ்சா பாட்டும் அப்படித்தான் மிஞ்சியிருக்கிறது.

ரியூனியனில்தான் இந்த இரண்டு பயணங்களும் சந்திக்கின்றன. 1848-இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் காரைக்கால், புதுச்சேரி வழியாகத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். விடுதலையான ஆப்பிரிக்க, மலகாசி மக்களும் ‘மல்பார்’ என்று பெயர்பெற்ற தமிழர்களும் ஒரே தோட்டத்துக் காற்றைச் சுவாசித்தார்கள். அந்தத் தோட்டங்களில் பிறந்த மலோயா இசை நெடுங்காலம் அதிகாரிகளின் வெறுப்புக்கு ஆளாகி, 1970-களில்தான் இசைத்தட்டில் ஏறியது. 2009-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது. அடிமைகளின் முன்னோர் வழிபாட்டில் வேரூன்றிய அந்த இசைக்குப் பக்கத்திலேயே, மாரியம்மன் கோயில் தீமிதியில் தப்பு ஒலித்துக்கொண்டிருந்தது. கரும்புப் பூத்தண்டுகளை அடுக்கி உள்ளே விதை போட்டுக் குலுக்குகிற கயாம்ப் இல்லாமல் மலோயா இல்லை. எந்தத் தாளம் யாருடையது என்று கோடு கிழிக்க நினைக்கிறவர்கள் அந்தத் தீவின் பழைய பதிவுகளைக் கேட்டால் கோலைக் கீழே வைத்துவிடுவார்கள்.

யாருடையது என்ற கேள்வி வேறொரு இடத்தில் உயிரை எடுக்கிறது. 1939-இல் ஜொகனஸ்பர்க்கின் காலோ கம்பெனி ஸ்டுடியோவில் சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் தன் குழுவோடு ‘ம்பூபே’ என்ற பாட்டைப் பாடினார். அவருக்குக் கிடைத்த கூலி சுமார் 10 ஷில்லிங். பாட்டு ஆப்பிரிக்காவில் லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்றது. அமெரிக்கப் பாட்டுச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் கையிலிருந்து பாடகர் பீட் சீகருக்குப் போய் ‘விமோவே’ ஆனது. 1961-இல் சிங்கம் தூங்கும் பாட்டாகி உலகையே சுற்றியது. பிறகு டிஸ்னி படத்துக்குள்ளும் நுழைந்தது. லிண்டா 1962-இல் வறுமையில் இறந்தார். அவருடைய மகள்கள் வழக்குப் போட்டு, 2006-இல்தான் ஒரு சமரசம் ஏற்பட்டு உரிமைத்தொகை கிடைத்தது. பதிவு செய்தால் மட்டும் போதாது. பாடியவர் யார், அவர் சம்மதித்தாரா, அதனால் வருகிற வருமானம் யாருக்கு என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத பதிவு திருட்டுக்குத் திறந்த கதவு.

சேலம், நாமக்கல் பக்கத்தில் அந்தக் கதவு இன்றும் திறந்துதான் கிடக்கிறது. 1980-களிலும் 90-களிலும் இங்கே கேசட் இல்லாத வீடு குறைவு. உடுக்கைப் பாட்டு, கூத்து, ஒப்பாரி, கல்யாணத்து மங்கல வாழ்த்து, கோயில் சாட்டிய இரவில் பூசாரி சொன்ன வரலாறு என்று எல்லாவற்றையும் சி-60, சி-90 நாடாக்களில் பிடித்து வைத்தார்கள். ராசிபுரம், ஆத்தூர், எடப்பாடி, திருச்செங்கோடு வீடுகளின் பரண்களில் அவை இன்னும் இருக்கின்றன. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது. அழுத்தித் தாங்கும் சிறு பஞ்சுத் துண்டு உதிர்ந்துவிடுகிறது. பல ஆண்டு சுற்றாமல் வைத்த நாடாவில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் ஒட்டிக்கொண்டு, பாட்டு வருவதற்கு முன்னாலேயே அதன் நிழல் மெல்லக் கேட்கிறது. இதையெல்லாம் மீறி நிறையப் பதிவுகள் கேட்கிற நிலையில்தான் உள்ளன. கேசட்டை ஓட்டும் நல்ல கருவிகள்தான் வேகமாகக் குறைந்துவருகின்றன. கணினியில் ஏற்றுகிறவர்களும் எம்.பி.3 ஆக நசுக்கி ஏற்றிவிட்டு மூலத்தைத் தூக்கிப் போடுகிறார்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், நசுக்காத டபிள்யூ.ஏ.வி. கோப்பாக ஏற்றுவதுதான் ஆவணக் காப்பகங்களின் முறை. மூல நாடாவையும் காப்பாற்ற வேண்டும்.

சேலம் மாவட்டம் ஏர்வாடியிலிருந்து மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ என்ற சிற்றிதழ் நடத்துகிறார். இலக்கிய இதழ்தான், அதோடு கூத்துக் கலைஞர்களையும் தோற்பாவைக் கலைஞர்களையும் தேடிப் போய், மேடை கொடுத்து, கௌரவித்து, அவர்கள் கலையை ஆவணப்படுத்தும் வேலையையும் களரி அமைப்பு மூலம் செய்துவருகிறார். எலிமேடு மகாலிங்கம், அம்மாப்பேட்டை கணேசன் போன்ற ஆட்டக்காரர்களின் பெயரைச் சொன்னால் இந்தப் பக்கத்துக் கூத்துக்காரர்கள் முகம் மலர்கிறது. ஒரு சிற்றிதழ் கைக்காசில் செய்கிற இந்த வேலையை, நாட்டுப்புறவியல் துறை வைத்திருக்கிற பல்கலைக்கழகங்கள் எத்தனை மடங்கு செய்திருக்க வேண்டும்! ரோஜா முத்தையாவின் நூல் சேகரத்தை சிகாகோ பல்கலைக்கழகம் 1994-இல் வாங்கியபோது அதைக் கப்பலேற்றவில்லை. சென்னையிலேயே நூலகமாக வைத்தது. வெளிநாட்டுப் பணமும் தொழில்நுட்பமும் வந்து, பொருள் இங்கேயே இருந்ததற்கு அது நல்ல முன்மாதிரி. நாடாக்களுக்கும் அந்த ஏற்பாடு வேண்டும். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு குளிர்சாதன அறை, இரண்டு நல்ல கேசட் கருவிகள், ஒரு ஸ்பூல் கருவி, வேலை தெரிந்த ஓர் ஆள் இருந்தால் தொடங்கிவிடலாம்.

நாட்டுப்புற ஒலிப்பதிவு என்றாலே பழையதைத்தான் நினைக்கிறோம். இன்றைய குரல்களும் ஆவணம்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றிலும் போடுகின்றன. அங்கே போன பையன்கள் ஆத்தாவுக்கும் பெண்டாட்டிக்கும் வாட்ஸாப்பில் குரல்செய்தி அனுப்புகிறார்கள். உடன் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் பாடுவதைப் பிடித்து அனுப்புகிறார்கள். நாட்டாலுக்குப் போனவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. போனை மாற்றியதும் எல்லாம் அழிந்துபோகிறது.

பரணில் கேசட் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்னாக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே இறக்கித் துடைத்து, ஒவ்வொரு உறையிலும் பாடியவர் பெயர், அவர் ஊர், பதிவான ஆண்டு, எந்த நிகழ்ச்சி என்று எழுதுங்கள். பெயர் நினைவில்லையென்றால், நினைவிருக்கிற பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். யூடியூபில் ஏற்றுகிறவர்கள் பாடியவரின் பெயரைத் தலைப்பிலேயே போடுங்கள். அவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ கேட்டுவிட்டு ஏற்றுங்கள். ஏற்றிய கோப்பின் ஒரு பிரதியை அந்தக் குடும்பத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.